கதிரைக் கட்சியும் வாங்குக் கட்சியும்

ரசாக் நானா தோளில் கிடந்த துவாயை எடுத்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்தார். இருக்கிற இடத்தைத் துடைத்தார். முதுகு சாய்கிற இடத்தைத் துடைத்தார். கைபிடியையும் விடவில்லை. பிறகு அதைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார்.

"இருங்கோ தம்பு அண்ணை."

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கவில்லை.

ஒட்டுசுட்டான் சந்திக்குக் கொஞ்சம் இந்தப் பக்கத்தில் நானாவின் தேத்தண்ணிக் கடை. அன்று விடியப்புறம் மழை தூறி விட்டிருந்தது. புழுதி அடங்கின மணமும், உள்ளே வடை பொரிகிற மணமும் ஒன்றாய் வந்தன. அந்த இரண்டு மணமும் சேர்ந்து வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்தக் கதிரைதான் ஞாபகம் வரும்.

"எனக்கேன் கதிரை? நான் வாங்கில இருப்பன்" என்றேன்.

"கேம்பஸ் போற பிள்ளையின்ர தகப்பனை வாங்கில இருத்தினால் ஊர் என்னை என்ன சொல்லும்? இருங்கோ அண்ணை, தேத்தண்ணி ஆறப்போகுது."

முதல்நாள்தான் என் கடைக்குட்டி தேவகியின் சோதனை முடிவு வந்திருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பைக் கண்ட முதல் ஆள் அவள்.

வெளியே நீட்டுப் பலகை வாங்கில் இருந்த என் கூட்டாளி மாரிமுத்து சிரித்தான். "குந்துடா மச்சான்! ராசா மாதிரி குந்து. கால் ஒடஞ்சா நாங்க தூக்குறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். அதற்குப் பிறகு கனகாலத்துக்கு அவன் வாயால் எனக்கு அந்த 'டா' கிடைக்கவில்லை.

ஆர் எங்கே இருப்பது

நானாவின் கடையில் கதிரைகள் உள்ளே, காற்றாடிக்குக் கீழே. வாங்கு வெளியே, தகரத் தாழ்வாரத்தில். யார் எங்கே இருக்கவேண்டும் என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூட வேலையிலிருந்து இளைப்பாறிய அதிபர், அரசாங்கக் கந்தோரில் வேலை செய்கிறவர்கள், சோதனை பாஸ்பண்ணின பிள்ளைகளின் தகப்பன்மார் கதிரையில். வயல்காரர், விறகுகாரர், உழவு மெசின் ஓடுகிறவர்கள் வாங்கில்.

கட்சியும் அப்படித்தான். கதிரைக்காரர் விளக்குக்குப் போடுவார்கள். வாங்குக்காரர் வண்டிலுக்குப் போடுவார்கள்.

விளக்கு, வண்டில் என்று எந்தக் கட்சிக்கும் உண்மையில் சின்னம் இல்லை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் தேவகிதான். "கட்சிப்பேர் போடாதேங்கோ அப்பா, பிறகு வீட்டை வந்து நிப்பினம்" என்றாள். அதனால் இப்படி வைத்துக்கொண்டோம். என் பேச்சைத் திருத்தி எழுத்துத் தமிழாக்குகிறவளும் அவள்தான். கோபிக்கிறதென்றால் அவளைக் கோபியுங்கள்.

விளக்குக்காரர் மேடையில் உரிமையைப் பற்றிப் பேசுவார்கள். பறிபோன காணியைப் பற்றிப் பேசுவார்கள். காணாமல் போன பிள்ளைகள் எங்கே என்று கேட்பார்கள். வண்டில்காரர் ரோட்டு, மதகு, கறண்டு, கூரைத் தகரம் என்று பேசுவார்கள்.

"சலுகைக்கு விலைபோற சனம்" என்று கதிரை வாங்கைச் சொல்லும்.

"உரிமையை உலையில போட்டால் கஞ்சி வருமோ?" என்று வாங்கு கதிரையைக் கேட்கும்.

நானா நடுவில் நின்று தேத்தண்ணி ஆற்றுவார். "எனக்கு ரெண்டு பக்கமும் சீனி ஒண்டுதான்" என்பார்.

மாடு போகாத பக்கம்

தேவகி இப்போது ரீச்சர். நான் ஏன் படிக்கவில்லை என்று அவளோடு படிப்பிக்கிற ரீச்சர்மார் கேட்பார்கள். பெரிய கதை ஒன்றுமில்லை. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடமும் மேய்ச்சல் தரையும் ஒரே தூரம்தான். மாடுகள் பள்ளிக்கூடப் பக்கம் போகமாட்டா. நான் மாட்டுக்குப் பின்னால் போனேன்.

என் தகப்பனும் அப்படித்தான். தேர்தல் நாளில் ஐயா தோய்ந்து, வெளுத்த வேட்டி கட்டி, கோயிலுக்குப் போகிறமாதிரிப் போவார். திரும்பி வரும்போது, "ஆருக்கு ஐயா போட்டனீங்கள்?" என்று கேட்டால், "அதை விதானையாரைக் கேள்" என்பார். பகிடிக்குச் சொல்லவில்லை. ஊர் அதிகாரி விதானையார் சொன்ன இடத்தில்தான் ஐயா புள்ளடி போடுவார்; உண்மையாகவே அவருக்குத்தான் தெரியும்.

மாரிமுத்து மலையில் பிறந்தவன். அங்கே தேயிலைத் தோட்டத்தில் தாய் தகப்பன் கொழுந்தெடுத்தார்கள். அங்கே தமிழரை அடித்து எரித்த ஒரு காலத்தில், ஒரு துணி மூட்டையோடும் தாயோடும் வன்னிக்கு வந்து சேர்ந்தான். எங்களுக்கு அப்போது மீசை கறுத்த வயது. ஒரே முதலாளியின் வயலில் வேலை.

"எங்க தோட்டத்து லயத்துல தலைவர் சொல்லுவாரு, இங்க விதான சொல்றாரு. நம்ம வாயி எப்பதான்டா மச்சான் சொல்லும்?" என்று அவன் ஒருநாள் கேட்டான்.

அருவி வெட்டி நெல் அறுக்கும்போது அவன் ஒரு நிரை, நான் பக்கத்து நிரை. முதுகு முறிகிற வேலை. பாட்டுப் பாட எங்கள் இரண்டு பேருக்கும் குரல் இல்லை. அதனால் சண்டை பிடித்தோம். ஒருவன் ஒரு பக்கம் எடுத்தால் மற்றவன் மறுபக்கம் எடுக்கவேண்டும் என்பது எங்கள் முறை. மொட்டைக்கறுப்பன் நல்ல நெல்லா, பச்சைப்பெருமாளா? மழை கிழக்காலே வருமா, தெற்காலே வருமா? எந்தக் கட்சிக்குப் போடுகிறது? நம்புகிறோமோ இல்லையோ, எடுத்த பக்கத்தை விடக்கூடாது. வரம்பில் ஏறும்போது யாருடைய கதை நின்றதோ, அதுதான் முடிவு.

"ஒனக்கு ஓம்னு சொல்றதுக்கு நான் என்னா ஒம் பொண்டாட்டியா?" என்பான்.

என் மனைவியும் எனக்கு ஓமென்று சொன்னவள் இல்லை. அது வேறு கதை.

கதிரை இல்லாத காலம்

பிறகு யுத்தம் துரத்த எல்லாரும் ஓடினோம். ஓடின கதையை நான் இங்கே சொல்ல வரவில்லை. ஓடி முடிந்து முள்ளுக்கம்பி முகாமில் நின்றோம். அங்கே கதிரையும் இல்லை, வாங்கும் இல்லை. அதிபரும் நானும் பிளாஸ்டிக் கோப்பையோடு ஒரே வரிசையில் சோற்றுக்கு நின்றோம். வெய்யிலில் தறப்பாள் கூரை வேகிற மணத்தை அவரும் மணந்தார், நானும் மணந்தேன். அங்கே ஒருவரும் எந்தக் கட்சி என்று கேட்கவில்லை.

என் மூத்த மகன் எங்களோடு வந்து சேரவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்றைக்கும் அவ்வளவுதான் தெரியும்.

இந்த இடத்தில் தேவகி பேனையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். வந்தபிறகு தொடர்கிறோம்.

ஊருக்குத் திரும்பி வந்தோம். ரசாக் நானாவும், முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு அனுப்பின நாளிலிருந்து தான் இருந்த புத்தளப் பக்கத்திலிருந்து தகப்பனின் காணிக்குத் திரும்பி வந்தார். கடை போடும்போது வாங்கைப் பாலைப் பலகையில் தானே அடித்தார். கதிரைகளை முல்லைத்தீவில் வாங்கி பஸ்ஸுக்கு மேலே கட்டிக் கொண்டுவந்தார். கயிறு அவிழ்க்க நானும் மாரிமுத்துவும்தான் உதவிசெய்தோம்.

"இந்தா, படிச்ச ஆளுங்க வந்துட்டாங்க. எறக்குடா" என்றான் மாரிமுத்து.

என்னிடம் வந்த கட்சி

கதிரையில் இருக்கத் தொடங்கினபிறகு அதிபர் பேப்பரைப் பிரித்துப் பாதியை எனக்குத் தருவார். நான் படம் பார்ப்பேன். அவர் என்னோடு விளக்குக்காரனோடு பேசுகிறமாதிரியே பேசுவார். நீங்கள் எந்தக் கட்சி என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கதிரையைப் பார்த்தார், போதும்.

ஆனால் பொய் சொல்லக்கூடாது. அடுத்துவந்த தேர்தலில் நான் விளக்குக்குத்தான் போட்டேன். அவர்களின் கூட்டத்தில்தான் மூத்தவனைப் போன்ற பிள்ளைகளைப் பற்றி யாரோ ஒருவர் ஒலிவாங்கியில் கேட்டார். நான் கதிரையால் மாறினேனோ, மகனால் மாறினேனோ, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. படித்தவள் மகள். கட்சி மாறினவன் நான். அவள் என்னடாவென்றால், "எனக்கு ரெண்டிலயும் விருப்பமில்லை அப்பா" என்கிறாள்.

வாங்கிலிருந்து மாரிமுத்துவின் பேச்சும் மாறியது. முதலில் 'டா' போனது. பிறகு 'மச்சான்' போனது. ஒருநாள் "வாங்க, ஒக்காருங்க" என்றான். நான் வேண்டுமென்றே சண்டைக்கு இழுப்பேன். "இந்தமுறை மழை பிந்தும்" என்பேன்.

"இருக்கும்ங்க" என்பான்.

இருக்கும்ங்க! இத்தனை வருசத்தில் அவன் என் மழைக்கு ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு ஒரு தேர்தல் கிட்டவந்த நேரம், அதிபர் பேப்பரை மடித்துவிட்டுச் சொன்னார். "படிப்பறிவில்லாத சனம் இருக்குமட்டும் எங்களுக்கு விடிவில்லை. நாலு தகரத்துக்கு வோட்டைக் குடுக்குங்கள்." அவர் கெட்ட மனிதர் இல்லை. தேவகிக்குச் சம்பளமில்லாமல் கணக்குப் படிப்பித்தவர். ஆனால் வாங்குக்கு எல்லாம் கேட்டது.

"மாஸ்டர், நானும் பேனை பிடியாதவன்தானே?" என்றேன்.

"சீச்சீ, உங்களைச் சொல்லேல்லை. நீங்கள் வேறை."

"நான் என்ன வேறை? இந்தா இருக்கிற மாரிமுத்துவும் நானும் ஒண்டு."

மாரிமுத்து கிளாசை வைத்துவிட்டு எழும்பினான். அதிபரை அவன் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"விடுங்க ஐயா. எங்களுக்காக நீங்க பேச வேணாம்."

அவனுடைய சைக்கிள் சங்கிலி மட்காட்டில் உரசி உரசிப் போகிற சத்தம், ரோட்டு வளைவு தாண்டும்மட்டும் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு நான் கடையில் நிற்கிற நேரம் அவன் வரமாட்டான். வந்துகொண்டிருந்தாலும் தூரத்தில் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிவிடுவான்.

மகள் படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன், கிடைத்தது. கல்வீடு வேண்டும் என்று நினைத்தேன், அதுவும் அரைகுறையாகக் கிடைத்தது. அந்த நாட்களில் நான் ஏங்கினது இதற்குத்தான்: மாரிமுத்து ஒருமுறை என்னைப் பார்த்து, "ஒனக்குக் கிறுக்காடா?" என்று கேட்கவேண்டும்.

தண்ணீருக்கு அந்தப் பக்கம்

அந்த மாரியில் பொறுக்கமுடியாமல் அவனுடைய குடியிருப்புக்குப் போனேன். மலையிலிருந்து வந்த சனம்தான் அங்கே கூடுதல். போகிற வழியில் ஒரு ஓடை இருக்கிறது. கோடையில் செருப்பு நனையாது. மாரியில் ரோட்டை வெட்டிவிடும்; கடக்க ஒரு மதகுப் பாலம் இல்லை.

நான் போகும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தார்கள். சப்பாத்தையும் புத்தகப் பையையும் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில். முன்னால் வந்தவள் மாரிமுத்துவின் பேத்தி. கரையேறிப் பற்றைக்குப் பின்னால் போய், பையிலிருந்து காய்ந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மாற்றிக்கொண்டு வந்தாள். அவர்களுக்கு அது தினசரி வேலை.

மாரிமுத்து அந்தக் கரையில் நின்றான். என்னைக் கண்டதும் கை கூப்பினான். உண்மையாகவே கை கூப்பினான்.

"வாங்க ஐயா. தண்ணி வடிஞ்சதும் வீட்டுக்கு வாங்க."

"மதகு எப்ப கட்டுவினமாம்?" என்று சத்தம்போட்டுக் கேட்டேன்.

"வண்டில் வந்தா கட்டுவாங்களாம்."

எங்கள் நடுவில் தண்ணீர் சேற்று நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் திரும்பி வந்தேன்.

வேம்புக்குக் கீழே

தேர்தல் நாள். பள்ளிக்கூடத்தில் வோட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வாசலில் வேம்புக்குக் கீழே மாரிமுத்து தனியாய்க் குந்தியிருந்தான். விரலில் மை காயவில்லை. ஓடமுடியாத இடத்தில் பிடித்துவிட்டேன் என்று பக்கத்தில் போய் இருந்தேன்.

"போட்டாச்சுங்களா?" என்றான்.

"ஓம், போட்டாச்சு."

"வெளக்குதான் வெல்லும்னு பேசிக்கிறாங்க. ஒங்களுக்குச் சந்தோசந்தானே."

"எனக்கென்ன சந்தோசம்? நான் வண்டிலுக்கெல்லோ போட்டனான்."

அவன் மெதுவாகத் திரும்பினான். "ஏன்?"

"உங்கட மதகுக்குத்தான். ஏன், நீயும் அதுக்குத்தானே போட்டனீ?"

அவன் மை பூசின விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் வெளக்குக்குப் போட்டேன்."

"உனக்கென்ன விசரே?"

"பெரியவன எங்கன்னு கேக்குறது அவங்க மட்டுந்தானே? எங்க வீட்டுல சோறு தின்ன புள்ள. எம் முதுகுல குந்தி ஆனை பாத்த புள்ள. நான் ஒருதரமாவது கேக்க வேணாமா?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"என்ர பிள்ளைக்கு வோட்டுப் போடச்சொல்லி உன்னை ஆர் கேட்டது? உன்ர பேத்தி இடுப்பளவு தண்ணியில போகுது. நீ இஞ்ச எனக்கு நியாயம் கதைக்கிறாய்!"

"எங்க மதகப்பத்தி ஒன்னய எவன்டா கேட்டான்? எங்க புள்ளைங்க தண்ணியில நடக்கும், நீந்தும், என்னமோ செய்யும். பெத்த தகப்பன் நீ! நீயே கேக்காட்டி வேற எவன்டா கேப்பான்? கதிரையில குந்திக் குந்திக் கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?"

அவன் என்ன சொன்னான் என்று எனக்குப் பாதி ஏறவில்லை. 'டா'வைத்தான் கேட்டேன். இன்னும் வரட்டும் என்று சத்தத்தை உயர்த்தினேன்.

"மதகு வந்தால் பிள்ளையள் காயும். விளக்கு வந்தால் என்ன வரும்? பேச்சு வரும்!"

"பேச்சுதான்டா வேணும்! மானம் இல்லாம மதகு கட்டி, அதுமேல நடந்து எங்க போவ?"

பொலிஸ்காரத் தம்பி ஓடிவந்தார். "ஐயா, இஞ்ச நிண்டு கட்சி கதைக்கப்படாது. ரெண்டு பேரும் வீட்டை போங்கோ."

போனோம். அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு, நான் பக்கத்தில். உச்சி வெய்யிலில் வழிநெடுக அதே சண்டை. அவன் அதிபரின் கதையை அதிபரைவிட நன்றாகச் சொன்னான். நான் வாங்கின் கதையைச் சொன்னேன். வாய் உலர்ந்துபோய் ஒரு குழாய்க் கிணற்றில் நின்று தண்ணீர் குடித்தோம். அவன் அடித்தான், நான் குடித்தேன். நான் அடித்தேன், அவன் குடித்தான். குடித்து முடிந்ததும் வாயைத் துடைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினான்.

எது வென்றது என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் விளக்கு வென்றது, மேலே ஆட்சியில் வண்டில் வென்றது. மதகும் வரவில்லை. மகனும் வரவில்லை.

ஆனால் மாரிமுத்து வந்தான். கொஞ்ச வருசம் கடைக்கு நல்லாய் வந்தான்.

இந்தக் கிழமை

இப்போது அவன் வவுனியாவில், மகன் வீட்டில். எங்கள் பக்கத்தில் கனபேருக்கு வருகிற சிறுநீரக வருத்தம்தான். இரத்தம் சுத்திசெய்ய ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கவேண்டுமாம்.

மறுபடியும் ஒரு தேர்தல் வருகிறது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு விளக்கும் போகிறது, வண்டிலும் போகிறது. புதிதாய் வேறு சில சின்னங்களும் போகின்றன. படித்த பெடியள் புதிசுக்குப் போடுகிறார்கள் என்கிறார்கள். படியாத பெடியளும் அதற்குத்தான் போடுகிறார்கள் என்கிறார்கள். அதிபர் குழம்பிப்போய் இருக்கிறார்.

"அப்பா, இந்தமுறை ஆருக்கு?" என்று தேவகி கேட்டாள்.

"போன் எடுத்துத் தா" என்றேன்.

மறுபக்கத்தில் மாரிமுத்துவின் குரல் வந்தது. மெலிந்து, தூரத்தில்.

"எடேய், இந்தமுறை எந்தப் பக்கம் எடுக்கிறாய்?"

"பக்கம் என்னா மச்சான் இனி. நீ சொல்றதுதான் சரி."

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே!"

"சொன்னாலும் சரிதான்" என்றான்.

போனைத் தேவகியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். நாற்பது வருசம் எனக்கு ஓமென்று சொல்லாதவன். மரியாதைக்கு ஒத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது, அதைத் தாங்கினேன். இது மரியாதை இல்லை. இது களைப்பு.

நாளைக்குக் காலமை வவுனியா பஸ்ஸில் போகிறேன். தேவகி தோடம்பழம் வாங்கி வைத்திருக்கிறாள், அது அந்த வருத்தத்துக்குக் கூடாதாம் என்று பிறகு எடுத்தும் வைத்துவிட்டாள். வெறுங்கையோடுதான் போகவேண்டும். பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் கிடைத்தால் நெடுங்கேணி தாண்டும்மட்டும் யோசிக்கலாம், என்ன சொன்னால் அவனுக்குக் கோபம் வரும் என்று.